உடைப்புக்காரர்

எங்கள் வீட்டுப் பேர் கண்டி.
இலங்கையில் இருக்கிற கண்டி இல்லை.
தங்கத்தில் வருகிற க,
கல்லில் வருவது அல்ல.
தாளில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்.
நீடாமங்கலம் தாலுகா ஆபீசில்
"எந்தக் கப்பல்ல வந்தீங்க?" என்றார் கிளார்க்.
கப்பல் இல்லை சார், மாட்டுவண்டி.
முந்நூறு வருஷம் இருக்கும்.

கண்டி என்றால் தெலுங்கில் கரை உடைந்த இடம்.
எந்த ஏரி, எந்தக் கரை,
கிருஷ்ணைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா,
யாருக்கும் தெரியாது.
அடைத்தவர்களா, உடைத்தவர்களா?
அதுவும் தெரியாது.
வண்டி குலுங்கிய ஏதோ ஒரு பள்ளத்தில்
வினைச்சொல் கழன்று விழுந்திருக்க வேண்டும்.
பெயர்ச்சொல் மட்டும் வந்து சேர்ந்தது,
ஒரு கொப்பரையோடும், காது அறுந்த எருதோடும்.

இந்த ஊர் அதை மொழிபெயர்த்து
உடைப்புக்கார வீடு என்றது.
அதிலும் வினை இல்லை.

வெண்ணாறு மூன்றாய்ப் பிரிகிற தலைப்புக்குக் கீழே
எங்களுக்கு ஆறு மா.
பங்கு பிரித்ததும் பாமணியாற்றோரம் போனவர்கள்
மன்னார்குடியில் ஒற்றை இனிஷியல் ஆனார்கள்.
பம்பாய் போன சென்னகேசவுலு சித்தப்பாவின் பேரில்
எப்படியோ ஒரு ஹெச் ஏறிக்கொண்டு
காந்தி ஆகிவிட்டார். மளிகைக்கடையில்
கேட்காமலே கடன் கொடுத்தார்களாம்.
காரைக்காலுக்கு உப்பு ஏற்றப் போன கிளையை
பிரெஞ்சுக்காரன் பதிவேட்டில் சி போட்டு எழுதினான்.
பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு
மிட்டாய் என்று பட்டப்பேர்.

அந்த மிட்டாய் வீட்டுக் கோமளியும்
என் அண்ணன் மகன் தாமோதரனும்
நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் சந்தித்தார்கள்.
அவள் ரத்தம் எடுப்பவள், இவன் ஆம்புலன்ஸ் ஓட்டுபவன்.

பத்திரிகை ப்ரூஃப் வந்த அன்றுதான் பார்த்தோம்,
மேல் வரியில் கண்டி. கீழ் வரியிலும் கண்டி.
ஒரே வீட்டுப் பேர் என்றால் அண்ணன் தங்கை.
அண்ணி ப்ரூஃபை மடித்து அரிவாள்மணைக்குக் கீழே வைத்தாள்.
பந்தல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.
தாமோதரன் வாசலுக்குப் போய்
ஓடாத வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நான் வாயைத் திறந்தேன்.
நாம் கண்டி பூட்சினவாள்ளு.
அவர்கள் கண்டி கொட்டினவாள்ளு.
வேறு வேறு வீடு.
செல்லரித்த பத்திரம் ஒன்றில் படித்தேன் என்றேன்.
செல்லரித்தது உண்மை.

பூட்சின என்றால் அடைத்த.
கொட்டின என்றால், எங்கள் வீட்டுத் தெலுங்கில்,
ராத்திரியில் மண்வெட்டியோடு போய்
அடுத்தவன் கரையை வெட்டிவிட்ட.
காரைக்கால்காரர்கள் தெலுங்கை
எப்போதோ கடலில் விட்டவர்கள்.
அவர்கள் காதில் விழுந்தது தமிழ்:
கொட்டின. மண் கொட்டின.
சம்பந்தி பத்ராசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.
"எங்க ஆளுங்க மண்ணு கொட்டி ஊரைக் காப்பாத்தினவங்களா?"
நான் திருத்தவில்லை.
இரண்டு வினைச்சொற்களும் மஞ்சள் தடவி அச்சேறின.

அந்த ஐப்பசியில் கோரையாறு பிய்த்துக்கொண்டது.
ராத்திரி இரண்டு மணி.
லஸ்கர் செவத்தியான் முதலில் தட்டியது எங்கள் கதவை.
"பத்திரிகைல போட்டிருந்தீங்களே,
அடைச்ச வம்சம்னு. வாங்க."

நான் சட்டை தேடுவதற்குள்
சீர் கொண்டுவந்து தங்கியிருந்த பத்ராசலம்
வேட்டியை மடித்துக் கட்டி இறங்கிவிட்டார்.
டார்ச் வெளிச்சத்தில் யாருடைய நாற்றோ மிதந்து போனது.
இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
"கொட்டுங்க, கொட்டுங்க" என்று கத்தினார்.
எனக்கு அது தெலுங்கில் கேட்டது.

மணல் நிரப்பிய சாக்கின் வாயை
எப்படிக் கட்டுவதென்று தெரியாமல் நின்றேன்.
செவத்தியான் பிடுங்கிக்கொண்டார்.
ஒரு மடிப்பு, ஒரு முறுக்கு,
பல்லால் கயிற்றை இழுத்து,
"இப்படி."