வால் மட்டும்

நாளெல்லாம் இறால் ஷெட்டில்
ஈரப் பாவாடை.
இடுப்பில் படர்ந்த இதற்குப் போய்
தாமரை என்று யார் பேர் வைத்தார்களோ.

காசிமேட்டு மெடிக்கலில்
வாரத்துக்கு ஒன்றென
நாலு மாத்திரை கத்தரித்துத் தந்தான்.
இரண்டாவது விழுங்கிய ராத்திரி
உதட்டோரம் காசளவு கருப்பு. எரிச்சல்.
"யாருக்கா கடிச்சது?" என்றாள் ரோசலின்.
ஷெட்டே சிரித்தது, நானுந்தான்.

ஸ்டான்லியில் டாக்டரம்மா
என்ன மாத்திரை என்று கேட்க
அட்டையை நீட்டினேன்.
தலை போய், பேரின் வால் மட்டும் அதில்,
நான் உரித்துப் போடும் இறால் மாதிரி.

"முன்னே வந்திருக்கா?"
போன வருசம். இதே உதடு, இதே இடம்.
ஐஸ் பட்டதென்று விட்டுவிட்டேன்.

முழுப் பேரையும் சிவப்பு மையில் எழுதி
இனி தொடாதே என்றார்.
ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.

தாமரை இன்னும் அரிக்கிறது.
காலை நாலரைக்கு லோடு.