முதுசம்

பல் டொக்டரிடம்தான் தொடங்கியது.
புதுச் சிறுநீரகம் உள்ளே வருமுன்
வாயில் ஒரு சொத்தைப் பல்லும் இருக்கக் கூடாதாம்.
பெண்டில் ஹில்லில், பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில்
கடைவாய்ப் பல்லைப் பிடுங்கித் தட்டில் போட்டார்.
'இன்னும் என்னென்ன கழற்ற வேணும்?' என்று கேட்டேன்.
வாய் மரத்திருந்தது.
அவருக்கு விளங்கவில்லை. சிரித்தார்.

பிறகு ஊசிகள், நெஞ்சுப் படம்,
இதயம் தாங்குமா என்று பார்க்க
மேலே மேலே சரிந்துகொண்டு போன ஓட்டப் பட்டி.
பதினேழு குழாய் இரத்தம்.
எண்ணிக்கொண்டிருந்தேன், வேறென்ன செய்வது.

ஸ்கான் படத்தில் காட்டினார்கள்:
மற்றவர்களுக்குக் கைப்பொத்து அளவாம்.
எனக்கு விலா தொடங்கி இடுப்பு மட்டும்
வெந்த சவ்வரிசி போல நீர்க்கட்டிகள்,
இடைக்கிடை தேசிக்காய் அளவில் சில.
போன மாதம் பஸ்ஸில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை
எழும்பி இடம் தந்தாள், எத்தனை மாதம் என்று கேட்டாள்.
எனக்கு நாற்பத்தெட்டு வயது.
நன்றி சொல்லி இருந்துவிட்டேன்.

அப்பாவிடம் இதற்குப் பெயர் 'பிரஷர்'.
கால் வீங்கிச் செருப்புக் கொள்ளாமல் போனபோது
கொழும்புக்குப் போகப் பாஸ் கேட்டு எழுதினோம்.
பாஸ் வர ஐந்து கிழமை.
அவருக்கு மூன்றுதான் இருந்தது.

காணியை அண்ணாவுக்கு எழுதினார், நகையை எனக்கு.
இதை மட்டும் உறுதி முடிக்காமலே
இருவருக்கும் தந்துவிட்டுப் போயிருக்கிறார்.
எனக்கு ஒன்றைத் தரவென்று மெல்பனிலிருந்து வந்த சுகந்தன் அண்ணா
ஸ்கான் கட்டிலில் ஆரோக்கியமானவனாகப் படுத்தான்,
எழும்பும்போது நோயாளி.
அன்றிரவு இருவரும் உப்பில்லாமல் சாப்பிட்டோம்.

குகநேசனின் இரத்தம் எனக்குப் பொருந்தவில்லை.
அவரின் அக்கா யோகமலருக்கும் எனக்கும்
சீட்டுக் காசு விஷயத்தில் ஆறு வருஷம் பேச்சில்லை.
டூங்காபியிலிருந்து ஒருநாள் போன் எடுத்தா.
'என்ட இரத்தத்தையும் ஒருக்காப் பாக்கச் சொல்லு.'
வைத்துவிட்டா.

யாரும் வற்புறுத்தினார்களா என்று
மனநல டொக்டர் கேட்டபோது சொன்னாவாம்:
'என்னை வற்புறுத்திறதுக்கு இன்னும் ஆள் பிறக்கேல்லை.'
மொழிபெயர்க்க வந்த பெடியன்
அதை எப்படிச் சொல்லிச் சமாளித்தானோ.
சீட்டுக் காசு பற்றி இன்றைக்கும்
அவ சொல்வதுதான் சரி என்று அவ சொல்கிறா.
நான் இப்போது மறுக்கிறதில்லை. மனதுக்குள் மட்டும்.

ஊர்ச் சட்டத்தில் சொத்து மூன்று வகை:
முதுசம், சீதனம், தேடிய தேட்டம்.
அப்பாவழி வந்தது முதுசம், அது சரி.
சீதனம் பெண் வீட்டிலிருந்து போவது.
இது மாப்பிள்ளை வீட்டிலிருந்து எனக்கு வருகிறது.
தேடிய தேட்டம் என்றும் சொல்ல ஏலாது,
நான் தேடவில்லை. கேட்கவும் இல்லை.
கேட்க வாய் வந்திருக்காது.

பழையவை இரண்டும் உள்ளேயே கிடக்குமாம்.
புதியது வலப்பக்கம், அடிவயிற்றில், தோலுக்குக் கிட்ட;
தொட்டால் கைக்குத் தெரியுமாம்.
கோபம் வந்தால்
இனி மச்சாளைத் தடவிக்கொள்ளலாம்.

அடுத்த புதன் அனுமதி.
தெருவெல்லாம் ஜக்கராண்டா ஊதாப் பூவாய்க் கொட்டுகிறது,
குகநேசன் காரைத் துடைத்துத் துடைத்துப் புறுபுறுக்கிறார்.
ஆஸ்பத்திரிப் பையை ஆரபி அடுக்குகிறாள்.
தை பிறந்தால் அவளுக்குப் பதினெட்டு.
பார்ப்பதா விடுவதா என்று அவளே முடிவெடுக்கலாம்
என்றிருக்கிறார்கள்.
பாதிக்குப் பாதி. பூவா தலையா.
அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை;
காலுறை எத்தனை சோடி என்று கதைக்கிறோம்.

இரவு, குசினியில் நின்று
உருளைக்கிழங்கை முதல் தண்ணியில் அவிக்கிறேன்.
இரண்டு தரம் வடித்தால்தான் எனக்கு ஆகும்.
அறைக்குள் என் பிரஷர் மெஷின் உறுமத் தொடங்குகிறது.
நான் இங்கே நிற்கிறேன்.
பட்டி இறுகும் சத்தம்.
பிறகு காற்றை விட்டுவிட்டு
விடும் சத்தம்.
எத்தனை என்று அவள் சொல்லவில்லை.
நான் தண்ணியை வடித்தேன்.