உடைத்துப் பார்த்தால்தான்

ஆங்கிள்சி தீவின் மேற்குக் கரை. மார்ச் மாதம்.
கடல் விலகித் தரும் மூன்று மணி நேரம்தான் எனக்கு.
பாறை வெடிப்புக்குள் பட்டாணி அளவில் நத்தைகள்,
மழைக்கு ஒதுங்கிய கூட்டம்போல
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.

பிய்த்தெடுக்கும்போது ஒரு சின்னச் சத்தம் வரும்.
முத்தம் முடிவதுபோல, என்று எழுதினேன் ஒருமுறை.
அறிக்கையிலிருந்து அந்த வரியை மைர்வென் அடித்துவிட்டாள்.

உச்சி கூரா, மழுங்கலா.
வாய் வட்டமா, ஒரு பக்கம் இழுத்ததா.
வரிகள் நகத்தில் தட்டுப்படுகின்றனவா.
உள்ளுதடு வெளுத்ததா, பழுப்பா.
இப்படித்தான் தொடங்க வேண்டும்.
கறுத்துத் தடித்துக் கூர்உச்சியோடு இருந்தால்
அது சந்தைக்குப் போகிற நத்தை, சுலபம்.
பாசிக் கொப்புளங்களுக்கு நடுவே
தானும் ஒரு கொப்புளமாய் மஞ்சளாக நடித்தால்
அதுவும் சுலபம்.

என்னை முட்டிபோட வைத்திருப்பவை இந்த இரண்டுதான்.
ஒன்றின் லத்தீன் பெயருக்குப் பாறைவாசி என்று பொருள்,
மற்றதற்கு இரகசியம்.
பெயர் வைத்தவரே கையை விரித்துவிட்டார்போல.
பாறைவாசியைப் புதிதென்று நினைத்து
நூறு தடவைக்கு மேல் பெயர் சூட்டியிருக்கிறார்கள்,
ஒவ்வொருவரும் தன் ஊர்ப் பாறையில் நின்றுகொண்டு.

ஒரே ஓடு. ஒரே சாம்பல். ஒரே வெடிப்பு.
வேறுபாடு இவ்வளவுதான்:
இரகசியம் முட்டையிடும், ஈரப் பிளவில், பசையாக.
பாறைவாசி தன் பிள்ளைகளை உள்ளேயே வைத்திருக்கும்.

ஆகவே பையில் ஓர் இரும்பு வைஸ்,
ஊசிமுனைச் சிமிட்டா, லென்ஸ்.
பெண்ணாக இருக்க வேண்டும்.
சூலியாக இருக்க வேண்டும்.
அப்புறம் திருகை மெல்லத் திருப்பி உடைக்க வேண்டும்.

கீழே, தண்ணீர் ஓரம், தில்வின்.
முழங்கால் வரை ரப்பர், இரண்டு வெங்காயச் சாக்கு.
பெரிய நத்தைகளை அள்ளி
ஸ்பெயினுக்குப் போகிற லாரிக்குத் தருகிறவன்.
அவன் வாயில் எல்லாமே க்விஹ்யாட்,
சின்னது க்விஹ்யாட், பெரியது காசு.

"ஐர்கைன், ஒரு மணி நேரமா எதைத் தேடுற?"

"பேரை."

"அதை ஓட்டுக்குள்ளயா வெச்சிருக்கும்?"

ஆமாம் என்றேன்.
சிரித்துக்கொண்டே போனான். நான் சிரிக்கவில்லை.

முப்பத்தொன்றாவது.
திருகு முக்கால் சுற்று. நொறுக்.
சில்லை விலக்கினால்
மணலைப் பொதிந்து வைத்ததுபோல ஒரு பை.
லென்ஸை இறக்கினேன்.
மணலில்லை.
ஒவ்வொன்றுக்கும் ஓடு,
ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒன்றரைச் சுருள்,
கண்ணாடிபோல, அதற்குள் இரண்டு கறுப்புப் புள்ளி
எனக்கு நேராகத் திரும்பின.
வீடு கட்டிக்கொண்டே பிறக்க இருந்தவை.

எழுபத்தொன்று வரை எண்ணினேன்.
அதற்குள் சில நடக்கத் தொடங்கிவிட்டன,
என் கட்டைவிரல் ரேகையில் ஏறி.

இடப்பக்கக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.
பாறைவாசி, பெண், ஒன்று.
எழுபத்தொன்றுக்குப் படிவத்தில் இடமில்லை.

தேநீர்க் கரண்டியால் அவற்றை வழித்து
அதே வெடிப்பில் விட்டேன்.
பிழைக்குமா, தெரியாது.
தாயின் மிச்சத்தைக் குளத்தில் போட்டதும்
ஒரு பச்சை நண்டு வந்தது,
அழைத்து வைத்திருந்ததுபோல.

அதற்குப் பிறகு எட்டு. வேகமாக உடைத்தேன்,
பார்க்க வேண்டியதை மட்டும் பார்த்து.
அலை முதல் பாறையை ஏறிவிட்டது.
தில்வின் சாக்கை உதறித் தோளில் போட்டு
மேலே வா என்று கையைக் காட்டினான்.

நாற்பதாவது.
உள்ளங்கையில் மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டது.
விட்டுவிட்டேன் என்று எழுதினால் நன்றாயிருக்கும்.
உடைத்தேன்.

ஆண்.
ஆணென்றால் பாதி ஊகம்.

பென்சில் இரண்டு கட்டங்களுக்கும் மேலே
கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு நடுக்கோட்டின் மேலேயே ஒரு புள்ளி வைத்தேன்.
இது என்ன என்று மைர்வென் கேட்பாள்,
திங்கட்கிழமை, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு.

மழைத்துளி என்பேன்.