நாற்பது எண்ணும்வரை

இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும்
ஒன்றும் ஆகாதாம்.
சத்திரப்பட்டிக் கிணற்றுப் படியில்
முதல் நாளே சரிபார்த்துவிட்டேன்.

உள்சுவர் விரிசலைக் காட்டினால்தான்
சேவுகன் தண்ணீரை இறைக்க விடுவார்.
நேற்றைய படங்களில்
ஃபிளாஷ் பட்டுத் தூசியெல்லாம் மின்ன
"என்னப்பா, கிணத்துக்குள்ள தூத்தல் போடுதா?"

இன்று ஃபிளாஷை அணைத்தேன்.
டார்ச்சை இடது கையில் தள்ளிப் பிடித்து
பக்கவாட்டில் அடித்தேன்.
ஜூம் வேண்டாம், நீ கிட்டப் போ என்று
ஒத்தக்கடைக் கடைக்காரர் சொன்னது
மூச்சு முட்டும்போதுதான் புரிந்தது.
பாதி அழுத்திக் காத்திரு.
காலை ஆட்டாதே, கலங்கிவிடும்.
கேமரா பத்து மீட்டர் தாங்கும்.
நான், நாற்பது எண்ணும்வரை.

முப்பத்தெட்டில்
பச்சைக் கட்டம் வந்தது.

மேலேறி ஈரக் கையோடு நீட்டினேன்.
விரல் நுழையும் அகலத்தில் விரிசல்,
கல்லின் சொரசொரப்பு வரைக்கும் தெளிவாக.
அதற்குள் ஒரு நண்டு
இரண்டு கண்ணையும் நீட்டி
என்னையே பார்க்கிறது.

சேவுகன் திரையை வேட்டியால்
துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.
சிமென்ட் எத்தனை மூட்டை ஆகும் என்றார்.
பைக்கில் ஏறி உதைத்துவிட்டு,
திரும்பி,
"அதையும் சேத்துப் பூசிறாதப்பா."