வழிமொழிந்தவர்

ஸ்டோக் நகரத்து லாங்டன் குத்துச்சண்டை மன்றத்தில்
வியாழக்கிழமைக் கூட்டம்.
செயலாளருக்கு முதுகுவலி.
இரண்டாம் ஆள் என்பதால்
பேனா என்னிடம் வந்தது.

கூட்டக் குறிப்புக்கு இங்கே நிமிடங்கள் என்று பெயர்.
செகண்ட் இல்லாமல் நிமிடம் ஏது என்று
ஒவ்வொரு மாதமும் பொருளாளர் சொல்வார்,
ஒவ்வொரு மாதமும் அவரே சிரிப்பார்.

தீர்மானம் கொண்டுவந்தவள் கீலி ப்ளூர்.
பத்தொன்பது வயது.
கைப்பட்டையை அவிழ்க்காமலே வந்திருந்தாள்.
செவ்வாய் மாலைகளில் மேடையைப்
பெண்களுக்குத் தர வேண்டும்.
முன்மொழிந்தவர் என்று எழுதி அவள் பெயரை எழுதினேன்.
வழிமொழிந்தவர் என்று எழுதி
நிறுத்தினேன்.

"யாராவது செகண்ட்?" என்றார் தலைவர்.

இரண்டாவது வாய் சொல்லாத வரை
முதல் வாய் சொன்னது வெறும் இருமல்.
விவாதம் கிடையாது, வாக்கு கிடையாது,
வேண்டாம் என்று சொல்லக்கூட
யாரும் சிரமப்பட வேண்டியதில்லை.

சுவர்க் கடிகாரத்தில் சிவப்பு முள்
உதறி உதறி நடந்தது.
ஒரு சொடக்குப் போடும் நேரம் ஒரு நொடி.
பதினொரு சொடக்கு போயிற்று,
ஒரு விரலும் அசையவில்லை.

மேசையில் தேநீர்க் கோப்பைகள்,
எல்லாமே செகண்ட்ஸ்.
க்ளெனிஸ் ஆலையில் நகத்தால் தட்டிப் பார்த்து
ஒதுக்கி வைத்தவை.
பிடியருகே ஊசிமுனை அளவு கரும்புள்ளி,
விளிம்பில் மெருகு வழிந்து உறைந்த இடம்.
பாதி விலை.
தேநீருக்கு அது தெரியாது.

அவள் கணவர் வெர்னன் ஷஃபிள்பாட்டம்
கதவோரம் பழைய முக்காலியில் இருந்தார்.
முப்பத்தொரு வருடம் மூலையில் நின்றவர்.
அந்த வேலைக்கும் செகண்ட் என்றே பெயர்.
வாளி, பஞ்சு, வாஸ்லின், துண்டு.
ஒரே ஒரு நிமிடம் கிடைக்கும். அதற்குள்
புருவத்து ரத்தத்தை நிறுத்த வேண்டும்,
மூச்சைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும்,
ஒரு பொய் சொல்ல வேண்டும்: நீதான் ஜெயிக்கிறாய்.
பிறகு "செகண்ட்ஸ் அவுட்" என்று குரல் வரும்.
முக்காலியைத் தூக்கிக்கொண்டு
கயிற்றுக்கடியில் குனிந்து வெளியேற வேண்டும்.
அடி வாங்குகிறவன் மட்டும் உள்ளே.

என் மகள் மூன்று மாதமாக டெர்பியில் இருக்கிறாள்.
அதே சொல்லின் வாலை அழுத்திச் சொன்னால்
ஆளை வேறு அலுவலகத்துக்கு இரவல் கொடுப்பதாம்.
கூட்டத்துக்கு இது சம்பந்தமில்லை.
அந்த மௌனத்தில் நினைத்தேன், அவ்வளவுதான்.

நானே சொல்லியிருக்கலாம்.
பேனா பிடித்த கைக்கு விதியில் தடை இல்லை.
வாய் திறந்தும்விட்டேன்.
இரண்டாம் யோசனை வந்து
முதல் யோசனையைத் தின்றுவிட்டது.

முக்காலி கிறீச்சிட்டது.
வெர்னன் எழுந்து நின்றார்.
"வெளியே போகிறாயா, வெர்ன்?" என்றார் தலைவர்.
"இல்லை.
அந்தப் பெண் சொன்னதற்கு நான் செகண்ட்."
சொல்லிவிட்டு உட்காராமலே நின்றார்,
மணி அடிக்கும் வரை உட்காரக் கூடாது என்பதுபோல.

பிறகு நாற்பது நிமிடம் பேசினார்கள்.
குளியலறை ஒன்றுதான். காப்பீடு ஏறும்.
கூரை ஒழுகுகிறது.
மன்றம் நொடித்துப்போகும் என்றார் பொருளாளர்,
இந்த முறை சிரிக்காமல்.
நாலுக்கு ஒன்பது.
தீர்மானம் தோற்றது.
தோற்றது என்று மையில் எழுதினேன்,
தோற்பதற்கும் முதலில் இருக்க வேண்டுமே.

கீலி கைப்பட்டையைச் சுருட்டிப் பையில் போட்டாள்.
வெர்னன் இறைச்சிப் பையில் இன்னொரு துண்டு கேட்டார்.
மறுசோறுக்கும் இங்கே அதே பெயர்தான்,
அதை யாரும் குறிப்பில் ஏற்றுவதில்லை.

அடுத்த மாதம் மறுபடி கொண்டுவருகிறாள்.
நேற்றே தாளில் கோடு போட்டு வைத்தேன்.
வழிமொழிந்தவர் என்ற இடத்தை
இரண்டு பெயருக்குக் காணும்படி விட்டிருக்கிறேன்.
ஷஃபிள்பாட்டம் நீளமான பெயர்.
யாராவது கேட்டால்
அப்படித்தான் சொல்வேன்.