நீல மூடி

டிசம்பரில் அங்கே விடிய ஒன்பதரை ஆகும்.
மூன்றாம் தூணின் வட்டக் கண்ணாடியில்
டார்ச்சை ஒட்டிப் பார்க்கிறாள் குன்வோர்.
நேற்றுவரை வெந்த ஜவ்வரிசியாய்
ஒன்றன்மேல் ஒன்று அடங்கிக் கிடந்தவை
இன்று கஞ்சி.

மே மாதக் கடைசியில் அவளே சொட்டியவை.
நார்வேக் கரையில் அறுத்த கடற்பாசியைக்
காய்ச்சி எடுத்த பசையில்
பாக்டீரியாவைக் குழைத்து
ஊசிமுனை வழியே கால்சியம் நீரில் விட்டால்
விழுந்த கணமே சொட்டு தோல் கட்டும்.
ஒரு மணிக்குள் கோடி உயிர்,
சாகாமல்,
பெருகவும் விடாமல்.
மேலே ஒரு புளிப்பு நுழையும்
கீழே வேறொரு புளிப்பு இறங்கும்
இரவும் பகலும் அதே ஆட்கள்.

அரை ஆயுள் நூற்றுப்பத்து நாள் என்று
பலகையில் எழுதியிருந்தான் ஸ்டைனார்.
யாருடைய ஆயுள் என்று கேட்டாள் ஒருமுறை.
வேகத்துடையது என்றான்,
பேனாவை மூடியபடி.

இரவு ஷிப்டில் ஜித்ரூனாஸ்.
லித்துவேனியாவிலிருந்து வந்து ஏழு வாரம்.
தூணைக் கழுவ வேண்டிய பீப்பாய்க்கு நீல மூடி,
பக்கத்தில் பாஸ்பேட் பீப்பாய்,
அதற்கும் நீல மூடி.
பாஸ்பேட்டுக்குக் கால்சியத்தைக் கண்டால் போதும்,
பந்தியில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி
இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.
மணி மணியாக முடிச்சு அவிழ்ந்தது.
பம்ப் மட்டும் எதுவும் தெரியாமல்
விடியும்வரை ஓடியிருக்கிறது.

ஒரு சொட்டை எடுத்து
நுண்ணோக்கியில் வைத்தாள்.
இருநூறு நாள் இடம்விட்டு நகராதவை
நகர்கின்றன.
சில துள்ளுகின்றன, அல்லது
தண்ணீர் அவற்றைத் துள்ள வைக்கிறது.

சிறை என்ற சொல்லுக்கு
என் மொழியில் இறகு என்றும் பொருள்.
இந்த இடத்தில் அதைப் பறக்கவிட
எனக்குக் கை அரிக்கிறது.
ஆனால் வால்வுக்கு அந்தப் பக்கம்
குளோரின் தொட்டி.
இருபது நிமிடம்.
குன்வோர்தான் திறந்தாள்,
கடிகாரம் பார்த்து மூடினாள்.

கேன்டீனில் கம்பளித் தொப்பியைக் கழற்றாமல்
அவன் உட்கார்ந்திருந்தான்.
காபி ஆடை கட்டியிருந்தது.
அவள் எதிரே அமர்ந்து படிவத்தை விரித்தாள்.
நஷ்டம்: நான்கு டன்.
பொறுப்பு என்ற கட்டத்தில் பேனா
சற்று நேரம் நின்றது.
அதைத் தாண்டிப் போய்,
காரணம் என்ற கட்டத்தில்
'நீல மூடி' என்று எழுதினாள்.

பிறகு சிவப்பு டேப் எங்கே இருக்கும் என்று
அவனிடமே கேட்டாள்.