தாடைப்பட்டை

குவோபியோவில் ஜனவரி மாதம்
மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
ஹாக்கித் தளத்தில் மட்டும் பளீரென்று விளக்கு,
ஒளிய ஓர் இடம் விடாத வெள்ளை.
சைமி தலைக்கவசத்தைக் கழற்றுவதே இல்லை.
தண்ணீர் குடிப்பதும்
கம்பி இடுக்கு வழியாகத்தான்.

அவள் முதல் கோல்காவலர், நான் இரண்டாமவள்.
இரண்டாமவள் வேலை
பெஞ்சின் கதவைத் திறந்து மூடுவது,
முதலாமவளுக்கு ஏதாவது ஆகட்டுமே என்று
நினைக்காமல் இருப்பது.
நினைத்தேன். ஒன்றிரண்டு முறை.

தாடையில் பட்டை அழுந்தும் இடத்தில்
பட்டையின் அகலத்துக்கே
அளவெடுத்துத் தைத்தது போல் பருக்கள்.
வயசு, என்றார் பயிற்சியாளர்.
சாக்லேட், என்றாள் அவள் அம்மா.
யாரும் எதுவும் சொல்லாத நாளில்
எல்லோரும் அவள் காதைப் பார்த்துப் பேசினார்கள்.

எலுமிச்சை தேய்த்தாள், எரிந்தது.
பற்பசை பூசினாள், வெடித்தது.
பிறகு பைன் சோப்பு:
கோடையில் ஏரித்துறையில் விரித்துப் போட்டு
ஊரே தரைவிரிப்பு தேய்க்குமே, அது.
கம்பளத்துக்கு நல்லது
கன்னத்துக்கு ஆகாதா என்றாள்.
மறுநாள் பிர்ச் மரப்பட்டை போல
தோல் சுருளாய் உரிந்து வந்தது.
"இயற்கை என்றுதானே போட்டிருந்தது?"
"நச்சுக்காளானும் இயற்கைதான், சைமி."
அதற்குப் பிறகு நான்கு நாள்
என்னோடு பேசவில்லை.

தோல் ஆறும்வரை இரண்டு வாரம்
கவசம் போடக்கூடாது என்றார்
பள்ளி நர்ஸ் கெர்த்து.
ஆக, என் முறை.
என் கவசத்தின் கொக்கி உடைந்து கிடந்தது.
அவளுடையதை மாட்டினேன்.

உள்ளே ஒரு வாடை.
நனைந்த நாய், புளித்த பால்,
மூன்று குளிர்காலத்து வியர்வை.
பட்டை ஈரமாய், மெழுகாய்,
என் தாடையைப் பிடித்துக்கொண்டது.
முதல் ஆட்டத்தில் பதினோரு வட்டைத் தடுத்தேன்,
ஐந்தை விட்டேன்.
பன்னிரண்டாம் நாள் கண்ணாடியில் பார்த்தால்
என் தாடையிலும் அதே கோடு,
அதே அகலம்.

ஓடிப் போய்க் காட்டினேன்.
பதக்கம் வாங்கியவள் போல.

இருவருமாய்த் திருகாணியைக் கழற்றினோம்.
வாளியில் வெந்நீர், அதில் அதே பைன் சோப்பு.
தண்ணீர் முதலில் தேநீர் நிறம்,
பிறகு காபி,
பிறகு சொல்லக்கூடாத நிறம்.
எத்தனை முறை அலசினோம்,
எண்ணவில்லை.
முகத்தை எரித்த அந்த சோப்பு
போக வேண்டிய இடத்துக்குக்
கடைசியாகப் போய்ச் சேர்ந்தது.

முகத்துக்கு ஓட்ஸ்.
பொடித்து, பழைய காலுறையில் கட்டி
(துவைத்ததுதான்),
வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்தால்
மெல்லிய பால் வரும்.
ஒற்றி எடு, தேய்க்காதே.
சௌனா முடிந்தால் உடனே கழுவு.
தலையணை உறை வாரம் இரண்டு.
கையை எடு. கையை எடு, சைமி.
இந்தக் கடைசி ஒன்றுதான்
எங்கள் இருவருக்கும் வரவே இல்லை.

உள்ளே கட்டி கட்டியாய் வந்தால்
கஞ்சி போதாது, என்னிடம் வா
என்று சொல்லி வைத்திருக்கிறார் கெர்த்து.
இதுவரை தேவைப்படவில்லை.
ஆறு வாரத்தில் அவளுக்குச் சிவப்பு தணிந்தது.
இடது ஓரம் இரண்டு குழி அப்படியே இருக்கிறது.
எனக்கு நெற்றியில் புதிதாய் ஒன்று.
அதற்கு எந்தப் பட்டையையும்
குற்றம் சொல்ல முடியாது.

மார்ச்சில் அணியின் புகைப்படம்.
கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு
நடுவில் உட்கார்ந்திருக்கிறாள்.
நான் ஓரத்தில், கண் மூடியபடி.

இன்னும் கதவைத் திறந்து மூடுவது நான்தான்.
ஆட்டம் முடிந்ததும்
உடைமாற்றும் அறைக் கொக்கியில்
இரண்டு பட்டைகள் ஒன்றையொன்று தொடாமல் காயும்.
வீட்டில் ஓட்ஸ் டப்பாவைத் திறந்தாலே
அப்பா செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமல் கேட்கிறார்:
வயிற்றுக்கா, முகத்துக்கா?